ஈலி பிளேஸ் வக்கீல் குடும்பம்

1857ஆம் ஆண்டு வரை இங்கிலாந்தில் ஒரு திருமணத்தை முறித்து மறுமணம் செய்துகொள்ள விரும்பியவர் நாடாளுமன்றம் வரை போக வேண்டியிருந்தது. முதலில் திருச்சபை நீதிமன்றத்தில் பிரிந்து வாழ உத்தரவு வாங்க வேண்டும். அடுத்து மனைவியோடு உறவு வைத்திருந்தவன்மீது நஷ்டஈட்டு வழக்கு. இரண்டிலும் வென்ற பிறகு பிரபுக்கள் சபையில் தனி மசோதா. ஒரு தம்பதிக்கு ஒரு சட்டம். ஒன்றரை நூற்றாண்டுக் காலத்தில் இந்த வழியில் விடுதலை பெற்றவர்கள் முந்நூற்றுச் சொச்சம் பேர். அவர்களில் பெண்கள் நால்வர் மட்டுமே.

1857இல் வந்த திருமண வழக்குகள் சட்டம் இந்த முறைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. 1858 ஜனவரியில் லண்டனில் விவாகரத்து நீதிமன்றம் திறக்கப்பட்டது. முதல் ஆண்டிலேயே இருநூறுக்கும் மேற்பட்ட மனுக்கள் குவிந்தன. அதற்கு இரண்டே ஆண்டுகள் முன்புதான் ஜார்ஜ் ஹென்றி லூயிஸ் என்ற இளைஞர் சாலிசிட்டராகப் பதிவு செய்துகொண்டு, தன் தந்தையும் சிற்றப்பா முறை உறவினரும் நடத்திவந்த அலுவலகத்தில் சேர்ந்திருந்தார். அடுத்த ஐம்பது ஆண்டுகளில் இங்கிலாந்தின் உயர்குடி இல்லங்களில் எங்கே மணவாழ்வு விரிசல் கண்டாலும் முதலில் நினைவுக்கு வந்த பெயர் 'லூயிஸ் அண்ட் லூயிஸ்'.

அந்த அலுவலகம் இருந்தது ஹோல்பர்ன் பகுதியில், ஈலி பிளேஸ் என்ற முட்டுச் சந்தில். ஒரு காலத்தில் ஈலி நகர பிஷப்புகளின் லண்டன் மாளிகை இருந்த இடம் அது. அவர்களுடைய பழைய தேவாலயம் இன்றும் அங்கே நிற்கிறது. தெருவின் வாயிலில் இரும்புக் கதவும் காவலாளும் உண்டு. ரகசியத்தோடு வருபவர்களுக்கு வாகான இடம். 10ஆம் எண் வீட்டில்தான் ஜார்ஜ் லூயிஸ் 1833இல் பிறந்தார். வீடும் அலுவலகமும் ஒன்றாக இருந்த குடும்பம். கட்சிக்காரர்கள் படியேறி வரும் சத்தத்தைக் கேட்டே அந்தப் பிள்ளை வளர்ந்திருக்க வேண்டும்.

லூயிஸ் குடும்பத்தினர் யூதர்கள். இந்தத் தகவலைக் கடந்து போய்விட முடியாது. ஜார்ஜ் பிறந்த அதே 1833இல்தான் இங்கிலாந்தில் முதன்முதலாக ஒரு யூதர் பாரிஸ்டராக அனுமதிக்கப்பட்டார். ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் மதச் சோதனையை முழுமையாகக் கைவிட 1871 வரை ஆயிற்று. எல்லா மதத்தவரையும் சேர்த்துக்கொண்ட லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில்தான் ஜார்ஜ் படித்தார். 1851இல் தந்தையிடமே தொழில் பழகத் தொடங்கினார். தந்தை ஜேம்ஸ் கிரஹாம் லூயிஸின் கட்சிக்காரர்கள் பெரும்பாலும் கிரிமினல் வழக்குகளில் சிக்கியவர்கள், கடன்பட்டவர்கள், நாடகக்காரர்கள். மதிப்புமிக்க சாலிசிட்டர்கள் தொடத் தயங்கிய வழக்குகள் அவை. சொத்துப் பத்திரங்களையும் பிரபுக்களின் உயில்களையும் எழுதிக் காலம் தள்ளிய பழைய நிறுவனங்களுக்கு இல்லாத ஒரு பயிற்சி இந்தக் குடும்பத்துக்கு அங்கேதான் கிடைத்தது. பொய்ச் சாட்சியை முகம் பார்த்தே கண்டுபிடிப்பது, மிரட்டிப் பணம் பறிப்பவனிடம் பேரம் பேசுவது, போலீஸ் எப்படி வேலை செய்கிறது என்று அறிந்து வைப்பது. விவாகரத்து நீதிமன்றம் திறந்தபோது இந்த அறிவுக்குத்தான் கிராக்கி ஏற்பட்டது.

இங்கே ஒரு விளக்கம் தேவை. இங்கிலாந்தில் வழக்கறிஞர் தொழில் இரண்டு கிளைகளாகப் பிரிந்தது. உயர் நீதிமன்றத்தில் எழுந்து நின்று வாதாடுபவர் பாரிஸ்டர். கட்சிக்காரரை நேரில் சந்தித்து, ஆவணம் திரட்டி, சாட்சிகளைத் தேடி, வழக்கை உருவாக்கித் தருபவர் சாலிசிட்டர். சென்னை உயர் நீதிமன்றத்தின் ஒரிஜினல் சைடிலும் ஒரு காலத்தில் இந்த இரட்டை முறை இருந்தது. நாளிதழ்களில் பாரிஸ்டரின் பேச்சு அச்சாகும், சாலிசிட்டரின் உழைப்பு அறைக்குள்ளேயே முடிந்துவிடும். விவாகரத்து வழக்குகளில் அறைக்குள் நடந்ததே பெரும்பகுதி.

ஏன் என்று புரிந்துகொள்ள 1857 சட்டத்தின் அமைப்பைப் பார்க்க வேண்டும். அது விவாகரத்தை நாடாளுமன்றத்திலிருந்து நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தது, ஆனால் ஆணுக்கும் பெண்ணுக்கும் வெவ்வேறு அளவுகோல் வைத்தது. மனைவி பிறனோடு உறவு கொண்டாள் என்று நிரூபித்தால் கணவனுக்கு விடுதலை. கணவன் அதையே செய்தால் மனைவிக்கு அது போதாது. அதோடு கொடுமை, இரண்டாண்டு கைவிட்டுப் போதல், இருதாரமணம், முறைதவறிய உறவு என்று இன்னொரு குற்றத்தையும் சேர்த்து நிரூபிக்க வேண்டும். மனைவியின் காதலனிடமிருந்து கணவன் நஷ்டஈடும் வசூலிக்கலாம். அவ்வளவு தடை இருந்தும் தொடக்க ஆண்டுகளில் மனு போட்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கினர் பெண்கள். சட்டம் இயற்றியவர்கள் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

இன்னொரு கொடுமையும் அதில் இருந்தது. இருவரும் பேசி ஒத்துக்கொண்டு பிரிய முடியாது. கூடிப் பேசியது தெரிந்தால் அதுவே மனுவைத் தள்ளுபடி செய்யப் போதுமான காரணம். 1860இல் இதற்கென்றே கண்காணிப்பு ஏற்பாடும் வந்தது. நீதிமன்றம் முதலில் இடைக்காலத் தீர்ப்பு மட்டுமே தரும். இறுதித் தீர்ப்பு வருவதற்குள், அரசியின் பிராக்டர் என்ற அதிகாரி தலையிட்டு, மனுதாரரே தவறு செய்தவர் என்றோ இருவரும் கூட்டுச் சேர்ந்தார்கள் என்றோ காட்டினால் தீர்ப்பு ரத்தாகும். 1866இலிருந்து இந்தக் காத்திருப்புக் காலம் ஆறு மாதம். ஒருவர் குற்றவாளி, மற்றவர் மாசற்றவர் என்றால்தான் விடுதலை. இருவருமே தவறியிருந்தால், மனம் கசந்த அந்த இருவரும் சாகும்வரை தம்பதிகளே.

போதாக்குறைக்கு எல்லாமே திறந்த நீதிமன்றத்தில். வேலைக்காரப் பெண்ணின் சாட்சியம், விடுதிப் பதிவேடு, படுக்கை விரிப்பு, அந்தரங்கக் கடிதம் என்று அத்தனையும் மறுநாள் காலை நாளிதழில் வரும். விக்டோரியா அரசியே 1859இல் சட்ட அமைச்சரான கேம்பல் பிரபுவுக்கு எழுதி, இந்தச் செய்திகளைக் கட்டுப்படுத்த முடியாதா என்று கேட்டார். முடியவில்லை. அதற்கான சட்டம் வர 1926 வரை ஆயிற்று.

இந்த நீதிமன்றம் ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்பதற்கு 1886இன் கேம்பல் வழக்கு ஒன்றே போதும். ஆர்கைல் டியூக்கின் இளைய மகன் காலின் கேம்பல் பிரபு 1881இல் கெர்ட்ரூட் பிளட் என்ற அழகும் அறிவும் மிகுந்த பெண்ணை மணந்தார். அவருக்குப் பால்வினை நோய் இருந்தது. அது மனைவிக்கும் தொற்றியது. 1884இல் கொடுமை என்ற காரணத்தின்பேரில் அவள் நீதிமன்றப் பிரிவு பெற்றாள். சட்டப்படி அது பிரிவு மட்டும், விடுதலை அல்ல. இரண்டாண்டு கழித்துக் கணவர் விவாகரத்துக் கேட்டு வழக்குப் போட்டார். மனைவியோடு தொடர்புடையவர்கள் என்று ஒரு டியூக், ஒரு ராணுவத் தளபதி, ஒரு மருத்துவர், லண்டன் தீயணைப்புப் படைத் தலைவர் ஆகிய நால்வரைப் பெயர் சொல்லிச் சேர்த்தார். மனைவியும் எதிர்மனு போட்டாள். பதினெட்டு நாள் விசாரணை. சாவித் துவாரம் வழியாகப் பார்த்தேன் என்று பட்லர் சொன்னதைச் சோதிக்க ஜூரிகள் அந்த வீட்டுக்கே போய்க் குனிந்து பார்த்தார்கள். கடைசியில் ஜூரிகள் இரு தரப்புக் குற்றச்சாட்டும் நிரூபணம் ஆகவில்லை என்றனர். பதினெட்டு நாள் ஊர் சிரிக்க நின்ற பிறகும் இருவரும் கணவன் மனைவியாகவே வீடு திரும்ப வேண்டியிருந்தது. 1895இல் காலின் கேம்பல் பம்பாயில் இறந்தபோதுதான் அந்தத் திருமணம் முடிவுக்கு வந்தது.

இப்படிப்பட்ட நாட்களில் ஈலி பிளேஸ் படியேறி வந்தவர்கள் வழக்கில் வெற்றி கேட்டு மட்டும் வரவில்லை. வழக்கே வராமல் இருக்க வழி கேட்டு வந்தார்கள். ஜார்ஜ் லூயிஸின் கெட்டிக்காரத்தனம் அங்கேதான் இருந்தது. அவர் ஏராளமான வழக்குகளை நடத்தினார், அவற்றைவிட அதிகமானவற்றை நீதிமன்ற வாசலுக்கே வரவிடாமல் முடித்தார் என்பதே அவரைப் பற்றி அவர் காலத்தவர் திரும்பத் திரும்பச் சொன்ன செய்தி. பிரிந்து வாழும் ஒப்பந்தப் பத்திரம், ஜீவனாம்சத் தொகை, குழந்தைகள் யாரிடம் வளர்வது என்பதில் உடன்பாடு. இவற்றை எழுதும்போது எதிர்த்தரப்பின் பலவீனம் அவர் கையில் இருக்கும். அதை அவர் உரக்கச் சொல்ல வேண்டிய அவசியம் இருக்காது.

அந்த மௌனத்துக்கு மதிப்பு எங்கிருந்து வந்தது? வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று ஊர் பார்த்திருந்ததால் வந்தது. 1876இல் லண்டனின் பாலம் (Balham) பகுதியில் சார்லஸ் பிராவோ என்ற இளம் பாரிஸ்டர் நஞ்சால் இறந்தார். மரண விசாரணையில் இறந்தவரின் வளர்ப்புத் தந்தைக்காக லூயிஸ் ஆஜரானார். விதவையையும் அவளுடைய முன்னாள் காதலரான வயோதிக மருத்துவரையும் அவர் கேட்ட கேள்விகள் நாட்டையே அதிரவைத்தன. கொலை என்று தீர்ப்பு வந்தது, கொலையாளி யார் என்று சொல்ல ஆதாரம் போதவில்லை. அந்தக் கேள்விகளில் இரக்கத்துக்கு இடமே இல்லை. ஒரு பெண்ணின் பழைய உறவைத் தெருவுக்கு இழுப்பது அவளைக் கொலைகாரி என்று நிரூபிக்க எந்த அளவுக்கு உதவியது என்பது இன்றும் கேட்க வேண்டிய கேள்வி. ஆனால் அதற்குப் பின் லூயிஸின் பெயரைக் கேட்டாலே எதிர்த்தரப்பு பேச்சுவார்த்தைக்கு இறங்கி வந்தது.

அவருடைய திறமையின் மேலான முகம் 1888–89இல் பார்னெல் விசாரணைக் குழுவின் முன் தெரிந்தது. அயர்லாந்துத் தலைவர் பார்னெல் அரசியல் கொலையை ஆதரித்ததாகக் காட்டும் கடிதங்களை 'தி டைம்ஸ்' வெளியிட்டிருந்தது. அவை போலி என்று கண்டு, அவற்றைத் தயாரித்த ரிச்சர்ட் பிகாட்டை நேருக்கு நேர் சந்தித்து, குறுக்கு விசாரணைக்கான ஆயுதங்களைப் பாரிஸ்டர் சார்லஸ் ரஸ்ஸலின் கையில் கொடுத்தவர் லூயிஸ். பிகாட் ஒரு சொல்லைத் தவறான எழுத்துக்கூட்டலில் எழுதும் பழக்கமே அவனைக் காட்டிக்கொடுத்தது. அவன் மாட்ரிட்டுக்குத் தப்பியோடித் தற்கொலை செய்துகொண்டான். அந்தக் குழுவுக்குத் தலைமை வகித்த ஜேம்ஸ் ஹன்னன்தான் அப்போது விவாகரத்து நீதிமன்றத்தின் தலைவர். போலிக் கடிதங்களிலிருந்து மீண்ட பார்னெலை அடுத்த ஆண்டே அந்த நீதிமன்றம் வீழ்த்தியது. தன் மனைவிக்கும் பார்னெலுக்கும் உறவு என்று ஓஷே என்பவர் தொடுத்த விவாகரத்து வழக்கில், 1890 நவம்பரில், அவர் எதிர்வாதம் செய்யவில்லை. இரண்டே நாள் விசாரணை. ஒரு நாட்டின் சுயாட்சி இயக்கம் இரண்டாகப் பிளந்தது. 1886இல், எதிர்காலப் பிரதமர் என்று பேசப்பட்ட சர் சார்லஸ் டில்க்கின் வாழ்வும் இதே நீதிமன்றத்தில்தான் கருகியது.

ரகசியம் காப்பது இந்த நிறுவனத்தின் முதலீடு என்றால், அந்த முதலீட்டில் கைவைத்த நிகழ்ச்சி ஒன்றையும் சொல்லியாக வேண்டும். டெய்சி புரூக் சீமாட்டி, சார்லஸ் பெரஸ்ஃபோர்ட் பிரபுவுக்கு எழுதிய ஆத்திரக் கடிதம் ஒன்று அவருடைய மனைவியின் கையில் சிக்கியது. அவள் அதைப் பத்திரமாக வைக்கும்படி லூயிஸிடம் ஒப்படைத்தாள். புரூக் சீமாட்டியோ வேல்ஸ் இளவரசரிடம், அதாவது பின்னாளில் ஏழாம் எட்வர்டு மன்னரானவரிடம், முறையிட்டாள். இளவரசர் இரவோடு இரவாக லூயிஸைச் சந்தித்தார். தன் கட்சிக்காரியின் கடிதத்தை, அவள் அனுமதியின்றி, லூயிஸ் அவருக்குக் காட்டினார். கடிதத்தை அழிக்கச் சொன்னபோது மட்டும் மறுத்தார். பெரஸ்ஃபோர்டின் மனைவி கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டாள். இந்தச் செய்கைக்கு எந்தச் சமாதானமும் கிடையாது. சாதாரணக் கட்சிக்காரர் ஒருவர் கேட்டிருந்தால் லூயிஸ் அந்தக் கடிதத்தைக் காட்டியிருக்கவே மாட்டார். அரச குடும்பம் கேட்டது, காட்டினார். தொழில் தர்மம் அதிகாரத்தின் முன் வளைந்த இடம் அது.

எல்லா நேரமும் அவர் வளையவில்லை. 1895இல் ஆஸ்கார் வைல்டு தன்மீது தொடுத்த அவதூறு வழக்கில் குவீன்ஸ்பெரி பிரபு முதலில் அமர்த்தியது லூயிஸைத்தான். வைல்டு தன் நண்பர் என்பதால் தொடக்கத்திலேயே விலகிக்கொண்டார். லூயிஸும் ஜெர்மனியின் மான்ஹைமிலிருந்து வந்த அவருடைய இரண்டாவது மனைவி எலிசபெத்தும் போர்ட்லண்ட் பிளேஸ் வீட்டில் ஓவியர்களையும் எழுத்தாளர்களையும் நடிகர்களையும் கூட்டிவைத்த விருந்துகள் புகழ்பெற்றவை. ஜான் சிங்கர் சார்ஜன்ட் இருவரையும் ஓவியமாகத் தீட்டியிருக்கிறார். எட்வர்ட் பர்ன்-ஜோன்ஸ் அவர்களுடைய கடைக்குட்டி கேட்டிக்குப் படம் வரைந்து எழுதிய கடிதங்கள் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. கிரிமினல் வக்கீலின் பிள்ளை என்று ஒதுக்கப்பட்டிருக்கக்கூடியவர் 1902இல் பாரனெட் பட்டம் பெற்றார்.

லூயிஸ் தந்த பாதுகாப்பு யாருக்குக் கிடைத்தது என்று பார்க்கும்போது படம் மாறுகிறது. விவாகரத்து நீதிமன்றம் லண்டனில் மட்டுமே இருந்தது. வடக்கே நியூகாசிலில் இருந்த சுரங்கத் தொழிலாளி சாட்சிகளைத் தன் செலவில் ரயிலேற்றி லண்டன் வரவேண்டும். அவனுக்கு அது ஆகாத காரியம். அடிபட்டு வாழ்ந்த ஏழைப் பெண்ணுக்கு 1878இல் ஒரு சட்டம் வந்தது. தன்னைக் கொடூரமாகத் தாக்கியதற்காகக் கணவன் தண்டிக்கப்பட்டால் உள்ளூர் மாஜிஸ்திரேட்டிடம் பிரிவு உத்தரவும் பராமரிப்புத் தொகையும் கேட்கலாம். மறுமணத்துக்கு வழி இல்லை. பணக்காரிக்கு விவாகரத்து, ஏழைக்குப் பிரிவு என்று நீதி இரண்டாகவே இருந்தது. இதை லூயிஸ் நன்றாக அறிந்திருந்தார். கிரிமினல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வேண்டும் என்றும், வட்டிக்காரர்களைக் கட்டுப்படுத்த வேண்டும் என்றும் போராடிய அவர், விவாகரத்துச் சட்டம் மாற வேண்டும் என்பதிலும் உறுதியாக இருந்தார். தனக்குச் செல்வம் சேர்த்த சட்டமே தவறானது என்று சொல்ல மனத்துணிவு வேண்டும். அந்த வகையில் அவர் மீது மரியாதை பிறக்கிறது.

1909இல் அமைக்கப்பட்ட கோரெல் ஆணையம் 1912இல் தன் அறிக்கையைத் தந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவுகோல் வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. லூயிஸ் அதைப் பார்க்கவில்லை. 1911 டிசம்பரில் இறந்துவிட்டார். நினைவுக் குறிப்பு எதுவும் எழுதவில்லை. தன்னிடமிருந்த ஆவணங்களை அழித்துவிட்டுப் போனார். அவரைப் பற்றிய விரிவான வாழ்க்கை வரலாறு, ஜான் ஜக்ஸன் எழுதியது, 1983இல்தான் வந்தது. ஆவணங்கள் அழிந்தது வரலாறு எழுதுபவர்களுக்குப் பேரிழப்பு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் காகிதங்கள் அவருடையவை அல்ல. நம்பி வந்தவர்களுடையவை. அவர் செய்தது சரி.

மகன் இரண்டாம் சர் ஜார்ஜ், 1927இல் இறக்கும்வரை, தந்தையின் இடத்தில் இருந்தார். 1945இல் மூன்றாவது பாரனெட்டோடு பட்டமும் முடிந்தது. நிறுவனம் வேறு நிறுவனங்களோடு கலந்து, பின்னர் பென்னிங்டன்ஸ் என்ற பெரிய நிறுவனத்துக்குள் அடங்கியது. 2013இல் அதனோடு இணைந்தது மான்செஸ், குடும்பச் சட்டத்தில் பெயர்பெற்ற மற்றொரு நிறுவனம். அந்த நிறுவனத்தின் பெயரில் இன்று லூயிஸ் என்ற சொல் இல்லை.

லூயிஸ் குடும்பம் தொழில் நடத்திய சட்டமோ கடல் கடந்து நெடுநாள் உயிரோடிருந்தது. 1869இல் இந்திய விவாகரத்துச் சட்டம் வந்தது. வைசிராயின் சட்ட உறுப்பினர் ஹென்றி மெயின் கொண்டுவந்தது அது. லண்டனில் அப்போது இந்தியாவுக்கான அமைச்சர் வேறு யாருமல்ல, காலின் கேம்பலின் தந்தை ஆர்கைல் டியூக். இங்கிலாந்தின் 1857 சட்டமே அதன் அச்சு. இங்கிலாந்து விவாகரத்து நீதிமன்றத்தின் கோட்பாடுகளைப் பின்பற்றியே இந்திய நீதிமன்றங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று அதன் 7ஆம் பிரிவு கட்டளையிட்டது. இந்தச் சட்டம் இந்தியக் கிறித்தவர்களுக்கு உரியது. ஆகவே பாளையங்கோட்டையிலும் தூத்துக்குடியிலும் தஞ்சாவூரிலும் வாழ்ந்த ஒரு கிறித்தவப் பெண், தன் கணவன் வேறொருத்தியோடு வாழ்கிறான் என்று நிரூபித்தாலும் விடுதலை பெற முடியாது. அதோடு கொடுமையையோ கைவிட்டுப் போனதையோ சேர்த்து நிரூபிக்க வேண்டும். மனைவியின் காதலனிடம் கணவன் நஷ்டஈடு கேட்கும் உரிமையும் 34ஆம் பிரிவாக இங்கே வந்தது. மாவட்ட நீதிபதி தரும் தீர்ப்பை உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு உறுதிசெய்தால்தான் அது செல்லும். ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்த பெண்கள் எத்தனையோ பேர்.

இங்கிலாந்து 1923இல் இந்த ஏற்றத்தாழ்வைக் கைவிட்டது. 1937இல் கொடுமையும் கைவிட்டுப் போதலும் தனித்தனிக் காரணங்களாயின. 2022 ஏப்ரல் முதல் அங்கே யாரும் யார்மீதும் குற்றம் சாட்டாமலே பிரியலாம். இந்தியாவிலோ 1995இல் கேரள உயர் நீதிமன்றம் தலையிட்டு, கொடுமையோ கைவிட்டுப் போவதோ மட்டுமே போதும் என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது 2001இல். இங்கிலாந்து திருந்தி 78 ஆண்டுகள் கழித்து. அப்போதுதான் நஷ்டஈட்டுப் பிரிவும் மூன்று நீதிபதிகள் நிபந்தனையும் நீங்கின.

அந்தத் திருத்தத்திலும் ஒரு குறை தங்கிவிட்டது. இருவரும் ஒப்புக்கொண்டு பிரிய, இந்து திருமணச் சட்டமும் சிறப்புத் திருமணச் சட்டமும் ஓராண்டு பிரிந்து வாழ்ந்தால் போதும் என்கின்றன. கிறித்தவத் தம்பதிகளுக்கான 10ஏ பிரிவில் அச்சாகியிருப்பது இரண்டாண்டு. கேரள உயர் நீதிமன்றம் 2010இல் அதை ஓராண்டாகப் படிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஒரே நாட்டில் ஒரே துயரத்துக்கு மதத்தைப் பார்த்துக் காத்திருப்பு நீளக் கூடாது. நீதிமன்றம் செய்த திருத்தத்தை நாடாளுமன்றம் சட்டப் புத்தகத்திலேயே எழுத வேண்டும்.